தமிழில் பதில் சொல்லக்கூடாத மேசை

ரோல்ஸ் பொரிகிற எண்ணெயின் வாசனைக்கு ஈரத்தில் ஒரு கனம் வந்துவிடுகிறது. மழை விட்ட பின்னேரங்களில் கண்டிச் சந்தைப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கினால், அது மேலே ஏறிப் போக மனமில்லாமல் ஆட்களின் முழங்கால் உயரத்தில் நின்றுகொண்டிருக்கும். மிளகு, டின் மீன், வெங்காயம், ரொட்டித் தூள் கருகத் தொடங்கும் அந்தக் கடைசிக் கணம். எனக்கு அப்போது பசி வருவதில்லை. படிக்க வேண்டும் போல இருக்கிறது. நாளைக்கு ஏதோ பரீட்சை இருக்கிற மாதிரி, இன்னும் ஒரு பாடம் மிச்சமிருக்கிற மாதிரி, கை தன்பாட்டில் பையைத் தடவுகிறது. பையில் குடையும் கண்ணாடிக் கூடும்தான் இருக்கின்றன.

இந்தப் பழக்கத்தை எனக்கு உண்டாக்கியது சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு மாடிக் கடை. கீழே பார்சல் கட்டுவார்கள். ஒடுங்கிய மரப்படி ஏறிப் போனால் மேலே நான்கு மேசைகள், ஒரு கைகழுவும் தொட்டி, எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே தொங்கும் ஒரு கண்ணாடி. யன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் வாவி ஒரு துண்டாகத் தெரியும். வேலை முடிந்து பின்னேரங்களில் அந்த யன்னல் மேசையில் நானும் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவும் படித்தோம். நாற்பதைக் கடந்த இரண்டு பெண்கள் கடையில் உட்கார்ந்து கொப்பி விரித்துப் படிப்பதைப் பார்த்து, முதல் கிழமை கீழே காசாளர் சிரித்தார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது.

அக்கா என் அலுவலகம்தான். அவர் கணக்குப் பிரிவு, நான் தபால் பிரிவு. கணவரும் மகளும் யாழ்ப்பாணத்தில். அவர் பேராதனை வீதியில் ஒரு மேட்டு வீட்டின் பின்னறையில் தனியாக இருந்தார். மகள் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எடுக்க இருந்தாள். அந்த ஒரு வருடமாவது பிள்ளையோடு இருக்க வேண்டும், அவள் விடிய எழும்பிப் படிக்கும்போது தேத்தண்ணீர் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் ஒரே எண்ணம். யாழ்ப்பாணத்தில் ஓர் இடம் வெறுமையாகப் போவதாகக் கேள்வி. அந்த இடத்துக்குத் தரமுயர்வு வேண்டும். தரமுயர்வுக்கு இரண்டாம் மொழித் தேர்ச்சி வேண்டும். எழுத்துப் பரீட்சையில் சிங்களத்தை அவர் முத்து முத்தாக எழுதிச் சித்தியடைந்திருந்தார். வாய்மொழிப் பரீட்சையில் இரண்டு தரம் தவறிவிட்டார்.

எனக்கு நேர்மாறு. இந்த நகரத்தில் பிறந்தவள். தண்ணீர்க் குழாயடியில் சண்டை பிடித்துச் சிங்களம் படித்தவள். பேசச் சொன்னால் விடியும் வரைக்கும் பேசுவேன். எழுதச் சொன்னால் எழுத்துக்கள் இடம் மாறிவிடும். எப்படியோ தட்டித் தடவி அந்தச் சான்றிதழை எடுத்துவிட்டேன். அக்காவுக்குப் பேச்சுப் பழக்குவது என் வேலை என்று முடிவாயிற்று. அந்த நேரம் நான் ஒரு வெளிவாரிப் பட்டத்துக்கும் பதிந்திருந்தேன். புவியியல். மொன்சூன் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புத்தகத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழை வந்து என் பக்கத்தை நனைத்துவிடும். அந்தப் பட்டத்தை நான் முடிக்கவில்லை. ஒரே கதிரையில் அரை மணித்தியாலம் இருந்தால் எனக்குக் காலுக்குள் ஏதோ ஊர்கிறது.

எங்கள் ஊர்க் கடைகளில் கேட்காமலே ஒரு தட்டு வந்து மேசையில் உட்காரும். ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட், மரக்கறி ரொட்டி. தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் திரும்பிப் போகும். அந்தத் தட்டைத் தூக்க வெயிட்டர் வந்தால் எழும்ப வேண்டிய நேரம் என்று அர்த்தம். நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒரு ரோல்ஸைப் பாதி கடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவது. பாதி ரோல்ஸ் கிடக்கிற தட்டை எடுக்க எந்த வெயிட்டருக்கும் மனம் வராது. அந்தப் பாதியின் நிழலில் நாங்கள் வினைச்சொற்களைப் பாடமாக்கினோம்.

முதலில் அக்காவுக்குக் கடைச் சாப்பாடு ஒத்துவரவில்லை. வீட்டில் ஆள் இல்லாதவர்களின் சாப்பாடு அது என்று நினைத்தார். பிறகு தானும் இங்கே வீட்டில் ஆள் இல்லாதவர்தான் என்று ஒருநாள் சொன்னார், சொல்லிவிட்டுக் கட்லட்டை எடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் மாத்திரம் மரக்கறி ரொட்டி. அதையும் மணந்து பார்த்து, மாசிக் கருவாட்டுத் தூள் விழவில்லை என்று நிச்சயித்த பிறகு.

இரண்டாம் தரம் எப்படித் தவறியது என்று அந்த மேசையில்தான் எனக்குச் சொன்னார்.

"முதல் தரம் பயத்திலை வாயே திறக்கேல்லை, அது சரி. ரெண்டாந்தரம் நான் நல்லா ஆயத்தமாத்தான் போனனான். உள்ளுக்குப் போக, பரீட்சகர் எழும்பி நிண்டு கைகூப்பி, 'வணக்கம் அம்மா, இருங்க, சாப்பிட்டீங்களா' எண்டார். நல்ல வயசான சிங்கள மனிசன். தமிழ்ப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினவராம். தமிழ் கதைக்க ஆள் கிடைச்ச சந்தோசம் முகத்திலை தெரியுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓம் சேர், சாப்பிட்டனான் எண்டன்."

"தமிழ்லயா?"

"வேறை என்னத்திலை? அவர் தமிழிலை கேக்கேக்கை சிங்களத்திலை பதில் சொன்னா அவரின்ரை தமிழ் சரியில்லை எண்டு முகத்திலை அடிச்ச மாதிரி எல்லே? அப்பிடியே கதைச்சுக்கொண்டு போனம். மாம்பழம், பனங்கட்டி, மகளின்ரை படிப்பு. கடைசியிலை கையும் தந்தார். அந்த மனிசனிலை பிழையில்லை பாரும். சிங்களத்திலை நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை. எதுக்கெண்டு மார்க்ஸ் போடுறது?"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. மரியாதை கெட்டுப் போகாமல் ஒரு வருடம் கெட்டுப் போயிருந்தது.

ஆகவே மேசைக்குச் சட்டம் போட்டேன். இந்தக் கடையின் படியில் கால் வைத்ததிலிருந்து, என்னைத் தவிர யார் என்ன மொழியில் கேட்டாலும் அக்கா சிங்களத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். தமிழில் பதில் சொன்னால் அன்றைய தேத்தண்ணீர் அவர் கணக்கு. அவருக்குத் தேவை மரியாதைக் குறைவில் ஒரு பயிற்சி. அதற்கு இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையை விடப் பொருத்தமான பள்ளிக்கூடம் கிடையாது. இங்கே ஒருவர் வாய் திறந்ததும் அவருக்கு என்ன பாஷை வசதி என்று வெயிட்டருக்குத் தெரிந்துவிடும்; அந்தப் பாஷைக்கு அவர் மாறிவிடுவார். அது அவர்களுடைய உபசாரம்.

எங்கள் மேசைக்கு வரும் வெயிட்டர் அக்குறணைக்காரர், தமிழ் பேசும் முஸ்லிம். எங்கள் வயது இருக்கும். தோளில் துண்டு, காதில் பேனை. முதல் நாள் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு முழு வாக்கியம் சொன்னார். வானொலிச் செய்தி வாசிக்கிற சிங்களம். தமிழில் சொன்னால், 'அன்பரே, தேநீர் இரு கோப்பைகள் கொணர்ந்தருள்வீராக' என்பது மாதிரி. பக்கத்து மேசையில் சோறு பிசைந்துகொண்டிருந்தவரின் கை நின்றது.

"ரெண்டு டீ தானே மிஸ்?" என்றார் வெயிட்டர் தமிழில். "சீனி கொறச்சா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் சிங்களத்தில், சீனி வேண்டாம் என்றார்.

"சீனி இல்லாமலா? சரி மிஸ்."

கீழே போகும் படியில் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "'தே தெகக்' என்று சொன்னால் போதும்" என்று அக்காவிடம் சொன்னேன். "ரெண்டு டீ. அவ்வளவுதான். அன்பரே எல்லாம் வேண்டாம்."

"அது மரியாதை இல்லாத மாதிரிக் கிடக்கு."

"அதைத்தானே அக்கா பழகுறோம்."

ஞாயிறு பகல்களில் படம் பார்க்கப் போனோம். படிப்பின் ஒரு பகுதி என்று அதற்குப் பெயர். சிங்களப் படங்கள் மட்டும். தமிழ்ப் படச் சுவரொட்டி ஒட்டிய மதிலைத் தாண்டிப் போகும்போது அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். தியேட்டருக்குள் மழையில் நனைந்த சட்டைகளின் மணம், கடலை மணம், கூரையில் எங்கோ சொட்டுகிற சத்தம். இருட்டில் அக்கா பாத்திரங்கள் பேசப் பேச வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார். படத்தில் ஒரு கிழவர் சாகக் கிடந்தால் பக்கத்துக் கதிரையில் அக்காவும் மெல்லிய குரலில் சாகக் கிடப்பார். முன்வரிசையில் இருந்த ஒருவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, ஏதோ துக்கம் என்று நினைத்து, தன் கடலைக் கடதாசிச் சரையை நீட்டினார். அக்கா எடுத்துக்கொண்டார். சிங்களத்தில் நன்றியும் சொன்னார். அதுதான் அவருடைய முதல் வெற்றி என்று நினைக்கிறேன்.

இடைவேளையோடு நான் வெளியே வந்துவிடுவேன். இரண்டாம் பாதியில் எல்லாப் படங்களும் முடிவைத் தேடத் தொடங்கிவிடுகின்றன. அந்தத் தேடலைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. வாவியைச் சுற்றி நடப்பேன். நீர்க்காகங்கள் மரத்தில் இருந்து சிறகு காய வைக்கும். ஒரு நகரத்தில் வெகுகாலம் இருந்துவிட்டால் அது கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் படமாகிவிடுகிறது. நாம் கதையை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவர்களைப் பார்க்கத் தொடங்குகிறோம். படம் முடிய வாசலுக்குப் போவேன். அக்கா கண் சிவந்து வருவார்.

"அழுகிற சிங்களம் எனக்கு நல்லா வந்திட்டுது" என்பார். "சண்டைச் சிங்களமும் பரவாயில்லை. நடுவிலை இருக்கிற சாதாரணச் சிங்களம்தான் வருகுதில்லை."

கடையில் பயிற்சி தொடர்ந்தது. வெயிட்டர் தமிழில் கேட்பார், அக்கா சிங்களத்தில் சொல்வார். அக்காவின் வாக்கியங்கள் நாளுக்கு நாள் சிறிதாகின. அன்பர்கள் காணாமல் போனார்கள். ஆனால் வெயிட்டரின் முகமும் நாளுக்கு நாள் சிறிதாகிக்கொண்டு வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"மிஸ், ஒண்டு கேக்கிறன், கோவிச்சுக்காதீங்க. நான் தமிழ்ல கேக்கிறன், நீங்க சிங்களத்திலயே செல்றீங்க. இந்த மிஸ்ஸோட மட்டும் தமிழ் பேசுறீங்க. எங்கட தமிழ் அவ்வளவு மோசமாவா ஈக்கி?"

அக்காவின் கையில் ரொட்டி அப்படியே நின்றது. "ஐயோ தம்பி, அப்பிடி இல்லை" என்று தொடங்கி, பரீட்சை, பரீட்சகர், மகள், வெறுமையாகப் போகிற இடம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தமிழில் சொல்லி முடித்தார்.

"தோத்துட்டீங்க" என்றேன் நான். "இன்னைக்கு டீ உங்க கணக்கு."

வெயிட்டர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "இத மொதல்லயே செல்லியிருக்கலாமே. நானும் ராவெல்லாம் யோசிச்சிட்டு ஈந்தன், இந்த மனிசிக்கு நம்மள்ல என்ன வெறுப்பெண்டு." பிறகு துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். "சரி. இனி நான் விடமாட்டன். தமிழ்ல பேசிப் பேசியே மிஸ்ஸ விழுத்திக் காட்டுறன், பாருங்க."

அதற்குப் பிறகு அது கடையின் விளையாட்டாகிவிட்டது. அவர் மேலே வரும்போதெல்லாம் ஒரு கேள்வியோடு வந்தார். ஊரில் மழையா, தங்கியிருக்கும் போடிங் வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா, நல்லூர்க் கோயிலில் கொடி ஏறிவிட்டதா. அக்கா சிங்களத்தில் தப்பித்துக்கொண்டே போனார். ஒரு தடவை மட்டும் வெயிட்டர், நாங்கள் கேட்காமலே, ஒரு கிண்ணம் இனிப்பு வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "இது ஆர் கேட்டது?" என்று அக்கா தமிழில் கேட்டுவிட்டார். வெயிட்டர் படிக்கட்டின் தலைப்பில் நின்று, கீழே காசாளருக்குக் கேட்கிற மாதிரி, "விழுந்துட்டாங்க" என்று சொன்னார்.

பரீட்சைக்கு முந்திய கிழமை ஒருநாள் கடையில் கூட்டமில்லை. வெளியே பள்ளிக்கூடம் விட்டு வான்கள் வரிசையாக நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. வெயிட்டர் தட்டை வைத்தார். இந்தமுறை விளையாட்டுக் குரல் இல்லை.

"மகள் எப்பிடி ஈக்கிறா மிஸ்? தனிய என்ன செய்றா?"

சிங்களத்தில் மகளைப் பற்றி அக்காவிடம் இருந்ததெல்லாம் படத்தில் எடுத்த சிங்களம். மகளை எண்ணி அழுகிற தாய்மாரின் வசனங்கள், மகளோடு சண்டை பிடிக்கிற தாய்மாரின் வசனங்கள். தமிழில் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொன்னால் சொல்லட்டும், தேத்தண்ணீருக்கு நான் காசு கொடுக்கிறேன் என்று நினைத்தேன். அவர் மேசையில் விழுந்திருந்த துகள்களை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டினார். பிறகு சிங்களத்தில், ஒரு சொல்லுக்குப் பின் ஒரு சொல்லாக, மகளுக்கு இரசாயனம் கடினம் என்றார். காலையில் எழும்பமாட்டாள் என்றார். தகப்பன் வைக்கிற தேத்தண்ணீரில் சீனி கூடிப்போகிறதாம் என்றார். தான் போனால் சரியாகிவிடும் என்றார்.

அழவும் இல்லை, சண்டையும் இல்லை. வெயிட்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும் அவரும் சிங்களத்தில், "ஹரி" என்றார். சரி என்று அர்த்தம். அதுவரைக்கும் அவர் அக்காவோடு சிங்களத்தில் ஒரு சொல்லும் பேசியதில்லை.

பரீட்சை ஒரு புதன்கிழமை. கொழும்புக்குப் போய் வந்து அடுத்த நாள் பின்னேரம்தான் மாடிக்கு வந்தார். உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர் குடித்தார்.

"அதே மனிசன்தான்" என்றார்.

"பழைய பரீட்சகரா?"

"ஓம். என்னை அவருக்கு ஞாபகமில்லை. எழும்பிக் கைகூப்பி, அதே மாதிரி, சாப்பிட்டீங்களா எண்டார். நான் சிங்களத்திலை, சாப்பிட்டேன் எண்டன். அவரின்ரை முகம் சுருங்கிப் போச்சுது. பிறகும் தமிழிலைதான் கேட்டார். வேலை, வீடு, பிள்ளை. எல்லாத்துக்கும் நான் சிங்களத்திலையே சொன்னன். அவர் என்ரை பாசையிலை, நான் அவரின்ரை பாசையிலை. பாக்கிற ஆக்களுக்கு விசராத் தெரிஞ்சிருக்கும். கொஞ்ச நேரத்திலை அவர் களைச்சுப்போய்ச் சிங்களத்துக்கு மாறிட்டார்."

"அப்புறம் என்ன அக்கா, நல்லாத்தானே செஞ்சிருக்கீங்க."

"செய்தன். ஆனா அந்த மனிசன் எவ்வளவு பாடுபட்டுப் படிச்சிருப்பார். எனக்கு மனசு கேக்கேல்லை. எழும்பி வாசலடிக்கு வந்திட்டன். பரீட்சை முடிஞ்சுதுதானே. திரும்பி நிண்டு, 'சேர், நீங்கள் சாப்பிட்டீங்களோ?' எண்டு தமிழிலை கேட்டன்."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சார். சிரிச்சுப்போட்டு, 'தாம நே' எண்டார். இன்னும் இல்லையாம்."

அன்றைக்கு ரோல்ஸைப் பாதியில் வைக்கவில்லை. முழுவதையும் தின்றோம்.

முடிவு வர மாதங்கள் ஆயின. சித்தி. தரமுயர்வு வந்தது, பிறகு இடமாற்றமும் வந்தது. யாருக்கோ நடப்பது மாதிரி இரண்டு கிழமைக்குள் எல்லாம் நடந்தது. பின்னறையைக் காலி செய்ய நான்தான் கூட இருந்தேன். கதிரை ஒன்றும் அலுமாரி ஒன்றும் வீட்டுக்காரருடையவை. அக்காவுடையது என்று இருந்ததெல்லாம் இரண்டு சூட்கேசுக்குள் அடங்கிவிட்டது. எனக்கு ஒரு தேத்தண்ணீர்க் கேத்தல் தந்தார். நான் அதை வாங்கிக்கொண்டு, சுவரில் காலண்டர் தொங்கிய இடத்தில் இருந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துக்கம் என்று சொல்ல முடியாது. ஒரு பாடவேளை முடிந்து மணி அடித்த பிறகும் வகுப்பில் இருந்துவிட்ட மாதிரி.

காலைப் பஸ். சூட்கேசுகளை ஏற்றிவிட்டு, யன்னல் பக்கத்தில் அவரை இருத்திவிட்டு, பேச்சுக்காகப் பக்கத்துச் சீட்டில் நானும் இருந்தேன். மாத்தளைப் பக்கம் மழையாம் என்றார் அவர். குடை இருக்கிறதா என்றேன் நான். பஸ் உறுமத் தொடங்கியது.

"இறங்கும், பஸ் எடுக்கப் போறான்."

"இருங்க, கட்டுகஸ்தோட்டையில இறங்கிக்கிறேன்."

கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்தது. கீழே மகாவலி மண்ணிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் இறங்கவில்லை. கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டபோது அக்குறணை என்று சொல்லி டிக்கெட் வாங்கினேன். வேலைக்கு எப்படியும் பிந்திவிட்டது. அக்குறணையில் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. ஒருவர் தும்புத்தடியால் வாசல் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளினார், ஒருவர் புதுத் துணிக் கட்டுகளை வெளியே அடுக்கினார். தெரு அடைத்துப் பஸ் ஊர்ந்தது. இதற்கு மேல் போனால் மாத்தளைதான்.

நான் இறங்கித் தெருவோரத்தில் நின்றேன். அக்கா யன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தார். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. பஸ் அசையத் தொடங்கியபோது அவர் தலையை வெளியே நீட்டினார்.

"பிள்ளைக்குப் பேராதனைக் கம்பஸ் கிடைச்சா உம்மட்டைத்தான் கொண்டுவந்து விடுவன். அவள் என்னதான் கேட்டாலும் நீர் தமிழிலை மட்டும் பதில் சொல்லாதேயும்."